பதினாலாம் அறை காலியாக இருக்கிறது

வியாழக்கிழமை
விடுதிச் சலவை அறை, மதிய இடைவேளை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் எப்படி இருந்தாலும் நீ "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வாய், நாங்களும் அதையேதான் சொல்வோம். அதனால் இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். கோபத்தில் இருக்கிறேன். கோபம் வந்தால்தான் என் கையெழுத்து நேராக நிற்கிறது என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டும். நம் வீட்டில் போன் பேசும் அழகு உனக்குத் தெரியும். மேஜை நடுவில் டம்ளரைக் கவிழ்த்து, அதில் போனைச் சாய்த்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, ஏதோ சாப்பாடு பரிமாறி வைத்த மாதிரி மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். அம்மா பேசுவாள். அப்பா இருமுவார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் பத்து நாள் லீவு தருகிறார்கள், பதினாலு மாதத்தில் இதுதான் முதல் தடவை, இந்த மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்காவிட்டால் வார்டில் வேறு யாருக்காவது போய்விடும் என்று சொல்லிவிட்டு, "வரட்டுமா?" என்று கேட்டாய். அம்மா "உன் இஷ்டம்மா" என்றாள். அவள் மனதார ஒன்றைச் சொல்லும்போது அந்த வார்த்தை அவள் வாயில் வராது. அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார், இருமல் முந்திக்கொண்டது. கடைசியில் நீ என்னைக் கேட்டாய். "நீயாவது சொல்லுடி. வரட்டுமா, வேண்டாமா?"

நான் வாயே திறக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், அப்பா இருமலுக்கு நடுவிலேயே என்னைப் பார்த்தார். நீ கொஞ்ச நேரம் காத்திருந்தாய். பிறகு "சரி, புரியுது. உடம்பைப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாய்.

அக்கா, உனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் சொல்ல நினைத்தது இது: வா, ஆனால் நேராக வீட்டுக்குள் வராதே. முதல் பாதியைச் சொன்னால் அம்மா பயந்துபோவாள். இரண்டாவது பாதியைச் சொன்னால் அப்பா உடைந்துபோவார். இரண்டையும் சேர்த்துச் சொல்லி விளக்க வேண்டும் என்றால் அதற்கு நாலைந்து வாக்கியம் வேண்டும். மூன்று பேர் முன்னால் சேர்ந்தாற்போல் நாலைந்து வாக்கியம் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. பள்ளியில் பேர் கூப்பிடும்போதுகூடக் கையை மட்டும்தான் தூக்குவேன். அதனாலேயே பாதி நாள் நான் வரவில்லை என்று பதிவேட்டில் ஏறியிருந்தது. அந்தப் பள்ளியை நான் விட்ட ஆறாவது மாதம் இந்தத் தொற்று வந்து, பள்ளிக்கூடமே எல்லோரையும் விட்டுவிட்டது. அந்த விஷயத்தில் மட்டும் நான் முந்திக்கொண்டேன்.

நீ போனை வைத்ததிலிருந்து அப்பா அம்மாவோடு பேசவில்லை. "நான் வான்னு சொல்றதுக்குள்ள இந்தப் பாழாப்போன இருமல்" என்று என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார். அம்மாவைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். மறுபாதி, இந்த நுரையீரலுக்கு இனிமேல் சாதாரணச் சளிகூட ஆகாது என்பது. முப்பது வருடம் மரம் அறுக்கும் ஆலையில் தின்ற தூசி எல்லாம் இப்போது கணக்குக் கேட்கிறது. அப்பா இப்போது படுப்பதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். எழுதாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எழுதிவிட்டேன்.

சரி, இவ்வளவு பயப்படுகிற வீட்டில் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது தெரியுமா? சித்தப்பா வந்து இறங்கினார். குடும்பத்தோடு. நாலு பை, ஒரு குடை, காற்று ஊதின நீச்சல் வளையம் ஒன்று. அந்த வளையத்தை அவர்கள் மகள் இடுப்பில் மாட்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள், வாசல் நிலையில் மாட்டிக்கொண்டது. வீட்டுக்குள்ளேயே கிடந்து பைத்தியம் பிடிக்கிறதாம், போகிற இடமெல்லாம் மூடிக் கிடக்கிறதாம். "கடல் பக்கத்துல அண்ணன் வீடு இருக்கும்போது எவன் லாட்ஜுக்கு அழுவான்? ஒரு வாரம் காத்து வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார். வரட்டுமா என்று போனில் ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. கேட்காமல் வந்தவர்களுக்கு அம்மா தேநீர் போட்டாள்.

சித்தப்பா உன் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். அம்மா தைத்துக் கொடுத்த மாஸ்க்கைத் தாடைக்குப் போட்டிருக்கிறார். தாடைக்கு நோய் வராது, அது உறுதி. சாப்பிடும்போது எல்லோரும் ஒரே மேஜை. அப்பா மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு பின்கதவுப் பக்கம் போய்விட்டார். சித்தப்பா அதைப் பார்த்து, "அண்ணனுக்கு எப்பவும் பயம் ஜாஸ்தி" என்று சிரித்தார்.

நேற்று சித்தி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரியவ வராதது நல்லதுதான் அக்கா. அவ ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவ, அவ வந்தாத்தான் பயம். நாங்க என்ன, வீட்டை விட்டு வெளியவே போகாதவங்க." வீட்டை விட்டு வெளியே போகாதவர்கள் எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள்! நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். தட்டைப் போட்டு உடைக்கலாமா என்று நினைத்தேன். பிறகு நானே பெருக்க வேண்டுமே என்று கழுவி அடுக்கி வைத்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் விடுதியின் மேல்மாடியில் வெளியூரிலிருந்து வருகிறவர்களைத் தனியாக வைக்கிறார்கள். அந்த அறைகளின் துணி, பையில் கட்டிச் சிவப்புக் கயிறும் தேதிச் சீட்டும் போட்டுக் கீழே வரும். மூன்று நாள் அதை யாரும் தொடக் கூடாது. நாலாம் நாள் அவிழ்த்துத் துவைத்தால் அது எல்லாத் துணியையும் போல ஒரு துணி. சிவப்புக் கயிறு கட்டின பையைப் பார்த்து இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை, "உன் இஷ்டம்" என்று சொல்வதும் இல்லை. அதற்கு ஒரு மூலை இருக்கிறது, அங்கே இருக்கும், நாள் முடிந்ததும் வெளியே வரும். ஒரு போர்வைக்குச் செய்யத் தெரிந்ததை ஒரு பெண்ணுக்குச் செய்யத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கீழ்த்தளத்தில் பதினாலாம் அறை காலியாக இருக்கிறது. அதன் ஜன்னல் துணி காயப்போடும் முற்றத்தைப் பார்த்தது. கடல் பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் விரிப்புகள்தான் தெரியும் என்பதால் யாரும் அதை எடுப்பதில்லை. நீ முதல் ஐந்து நாள் அங்கே இருக்கலாம். பரிசோதனை செய்துகொண்டு, ஒன்றும் இல்லை என்று வந்ததும் மீதி ஐந்து நாள் வீட்டில் இருக்கலாம். மேலாளரிடம் நான் கேட்கிறேன்.

சிரிக்காதே. இரண்டு வருடமாக அவரைப் பார்த்தால் துணிக்குவியல் பின்னால் ஒளிகிறவள்தான். ஆனாலும் கேட்கிறேன். என் அடுத்த கடிதம் வரும்வரை உன் லீவை யாருக்கும் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
அன்று பேசாமல் இருந்ததற்கு இன்று வரை தன்னையே திட்டிக்கொண்டிருக்கும்
உன் தங்கை


திங்கட்கிழமை
அதே சலவை அறை, இயந்திரம் ஓடி முடியும்வரை

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதம் எழுதிப் பதினோரு நாள் ஆகிவிட்டது, உன் பதில் போன செவ்வாய்க்கிழமையே கிடைத்தது. போன ஞாயிறும் நேற்றும் உனக்கு ஷிப்ட் என்பதால் நீ கூப்பிடவில்லை, அதுவும் நல்லதுதான். கூப்பிட்டிருந்தால் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்பதைச் சொல்லத் தெரியாமல் மறுபடியும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

"அவங்க பயப்படுறது நியாயம்தான்" என்று எழுதியிருக்கிறாய். "பத்து நாளும் என் அறையிலயே கதவைச் சாத்திட்டுத் தூங்குறேன், அதுவும் லீவுதானே" என்று எழுதியிருக்கிறாய். அது லீவு இல்லை அக்கா. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, ஆனால் லீவு இல்லை. நீ இவ்வளவு நல்லவளாக இருப்பது யாருக்கும் உதவவில்லை. அம்மா உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "பாரு, அவளுக்கே புரியுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலாளரிடம் கேட்ட கதையைச் சொல்கிறேன். நேரில் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. அதனால் ஒரு சீட்டில் எழுதினேன். "ஐயா, அடுத்த மாதம் என் அக்கா வருகிறாள். பதினாலாம் அறை ஐந்து நாளைக்கு வேண்டும். அவள் சுத்தமானவள். நானும் சுத்தமாக வைத்துக்கொள்வேன். எனக்கு அந்த நாட்களில் லீவு வேண்டும். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்." மேலாளரின் சட்டைகளுக்கு நான்தான் இஸ்திரி போடுகிறேன். வெள்ளைச் சட்டைப் பையில் சீட்டை மடித்து வைத்து, மடிப்புக் கலையாமல் அடுக்கி அனுப்பிவிட்டேன். மாட்டும்போது பார்ப்பார், அப்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு புத்திசாலித்தனம்!

அது மேலாளர் சட்டை இல்லை. ஒன்பதாம் அறையில் மனைவியோடு விடுமுறைக்கு வந்திருக்கும் ஒரு பெரிய மனிதருடையது. மேலாளர் சட்டைக் காலரில் நீல நூல் தைத்திருக்கும். சீட்டு யோசனையில் நான் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு வருடத்தில் என் கையிலிருந்து ஒரு கைக்குட்டைகூட அறை மாறிப் போனதில்லை. அந்த மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு வரவேற்பு மேஜைக்கு வந்து, சீட்டை எடுத்து, அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்திருக்கிறார். "யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்பதையும் சேர்த்து.

சலவை அறைக்குச் சேதி வந்தபோது எங்கள் தலைவி, நாங்கள் சுருக்கக்கா என்று கூப்பிடுகிறவள் (எந்த விரிப்பில் சுருக்கம் இருந்தாலும் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிப்பாள்), சிரித்துச் சிரித்துக் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏண்டி, உனக்கு வாய் இருக்குன்னே நேத்து வரைக்கும் எனக்குச் சந்தேகம். இன்னைக்கு ஊரே கேக்குற மாதிரிப் பேசிட்டியே!" என்றாள். நான் இயந்திரத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

மேலாளர் இறங்கி வந்தார். "எழுதத் தெரியுதில்ல, கேக்கத் தெரியாதா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "லீவு கேட்டிருக்கே. உனக்கு லீவே பாக்கி இல்லம்மா. ஊரடங்குல பதினெட்டு நாள் எடுத்தாச்சு, ரிஜிஸ்டர்ல இருக்கு" என்றார்.

இது உனக்குத் தெரியாது. விடுதியை மூடியிருந்த நாட்களையெல்லாம் நாங்கள் விடுமுறை எடுத்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதினெட்டு நாளும் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்கு முதுகு தடவிவிட்டேன்.

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, நான் சொன்னேன். "அது லீவு இல்ல சார். நீங்க கதவைப் பூட்டியிருந்தீங்க."

சுருக்கக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டு, "அவ சொல்றது சரிதானே சார், எங்க எல்லாருக்கும் அப்படித்தானே எழுதியிருக்கு" என்றாள். மேலாளர் மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். ரிஜிஸ்டரை மாற்ற அவர் கையில் அதிகாரம் இல்லையாம். லீவு தர முடியாது என்றார். பிறகு படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி, "அந்த அறையை எவனும் எடுக்கப் போறதில்ல. உங்க அக்காவை வரச் சொல்லு. சுத்தம் பண்றது உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதிதான் கிடைத்தது. எனக்கு லீவு இல்லை. நீ விடுமுறையில் இருக்கும் ஐந்து நாளும் நான் உன் ஜன்னலுக்கு வெளியே அடுத்தவர்கள் விரிப்பைக் காயப்போட்டுக்கொண்டிருப்பேன். இருந்தாலும் அன்று வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். வீட்டில் என்ன வரவேற்பு தெரியுமா? அம்மா, "சொந்த ஊர்ல பொண்ணை லாட்ஜுல தங்க வெச்சா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றாள். அப்பா, "என் பொண்ணு என்ன விருந்தாளியா? வந்தா நேரா வீட்டுக்கு வரட்டும், இல்லன்னா நான் அங்க போறேன்" என்றார். எங்கே போவார்? தெருக் குழாய்வரை நடக்கவே இரண்டு தடவை நிற்கிறார். இருவரும் சேர்ந்து ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை. நான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் சித்தியிடமிருந்து போன். அவர்கள் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். சித்தப்பாவுக்குக் காய்ச்சல், பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறது, முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றாள். "எதுக்கும் அண்ணனைப் பாத்துக்கோங்க" என்றாள். 'பாத்துக்கோங்க' என்ற வார்த்தைக்கு மட்டும் பஞ்சமில்லை.

அந்த மூன்று நாளைப் பற்றி எழுதக் கை வரவில்லை. அப்பா பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா வாசலில் தட்டை வைத்துவிட்டு, அவர் எடுக்கும்வரை தள்ளி நிற்பாள். ஒவ்வொரு இருமலுக்கும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், இது பழைய இருமலா, புதிய இருமலா என்று. உன் கட்டில் விரிப்பை நான் பையில் கட்டிச் சிவப்புக் கயிறு போட்டு வைத்தேன். இரண்டாம் நாள் அம்மா அந்தப் பைக்கு முன்னால் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் அழுதாள். "கேட்டவளை வேண்டாம்னுட்டு, கேக்காம வந்தவனுக்கு விரிப்பு போட்டுக் குடுத்தேனேடி" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசத் தெரியாததில் ஒரு வசதி, அந்த மாதிரி நேரத்தில் தப்பாக எதையும் சொல்லிவிட மாட்டோம்.

சனிக்கிழமை முடிவு வந்தது. சித்தப்பாவுக்கு வெறும் சளிக் காய்ச்சல். கடலில் ஊறியதற்கு வந்திருக்கும். அப்பாவுக்கும் காய்ச்சல் இல்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மூன்று நாளில் சட்டை அவருக்கு ஒரு அளவு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு ஒழுங்காகும்வரை காத்திருந்து, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பதினாலாம் அறை ஜன்னல்கிட்ட நாற்காலி போடலாமா?"

போடலாம் என்றேன். வெயில் இறங்கும் நேரத்தில் முற்றத்தில் நல்ல காற்று, விரிப்புக்கு நடுவில் ஒரு நாற்காலி கொள்ளும் இடம் இருக்கிறது என்றேன். ஜன்னலுக்கு உள்ளே நீ, வெளியே அப்பா, நடுவில் ஆறடி. நேற்று விடுதிக்குப் போய் நடந்து எண்ணிவிட்டு வந்தேன். கேட்டிலிருந்து முற்றத்துக்கு என் கால்கணக்கில் அறுபத்திரண்டு அடி. நடுவில் உட்கார இரண்டு இடம், தண்ணீர்த் தொட்டி மேடை ஒன்று, சுருக்கக்காவின் கூடை ஒன்று. கவிழ்த்துப் போட்டால் அப்பாவைத் தாங்கும் என்று அவளே உட்கார்ந்து காட்டினாள்.

அப்பா இன்று காலை வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக்கொண்டிருந்தார், கதவிலிருந்து மேஜை, மேஜையிலிருந்து கதவு. அம்மா "எதுக்கு இந்த வீம்பு?" என்றதற்கு, "எல்லாரும் லீவுக்கு எங்கெங்கயோ போறாங்க. நானும் போறேன்" என்றார். தன் நீலச் சட்டையை எடுத்துக் கொடுத்து இஸ்திரி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் போடப்போகிற சட்டைக்கு இப்போதே எதற்கு என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை. போட்டு வைத்துவிட்டேன். அம்மா இனி "உன் இஷ்டம்" என்று சொல்ல மாட்டாள். நாலு பேர் பேசட்டும் என்கிறாள்.

எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. எனக்கு லீவு இல்லாததில் எரிச்சல். ஒன்பதாம் அறை மனிதர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அக்கா வந்தாச்சா?" என்று கேட்பதில் எரிச்சல். நீ கடைசி வரியில் எழுதியிருந்தாயே, "அடுத்த வருஷம் எல்லாம் சரியானதும் ஒரு மாசம் சேர்ந்தாப்பல வரேன்" என்று, அதில்தான் அதிக எரிச்சல். அந்த வரியை அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அடுத்த வருடம் என்று இனி எழுதாதே. நீ வார்டில் வேலை பார்க்கிறவள். நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறவர்களைப் பற்றி என்னைவிட உனக்கு அதிகம் தெரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போன் அதே டம்ளர்மேல்தான் இருக்கும், ஸ்பீக்கரும் போட்டிருப்போம். உன் வார்டில் எல்லோரையும் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும், உனக்குப் பதிலாக ஒரு பத்து நாள் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நீ எனக்காக ஒன்றே ஒன்று செய். அன்று கேட்ட அதே கேள்வியை மறுபடியும் கேள். அம்மாவையோ அப்பாவையோ கேட்காதே, என்னைக் கேள். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடாதே. எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
பதினாலாம் அறைக்கு விரிப்பு மடித்து வைத்திருக்கும்
உன் தங்கை